நாய் வளர்ப்போருக்கு ஏற்ற கார்

கார் வாங்கப் புறப்படுவோர் விலையையும் மைலேஜையும் விசாரிப்பதோடு, வீட்டில் லாப்ரடாரோ ராஜபாளையமோ வளருமாயின், அது எவ்வழியே ஏறும், எங்கே படுக்கும் என்பதையும் ஆலோசித்தல் அவசியம்.

செடான் வண்டியின் டிக்கி, பயணிகள் அமரும் பகுதியினின்று பிரிக்கப்பட்டுக் காற்றோட்டமின்றி இருப்பதால் பிராணிக்கு உதவாது. வேகன்ஆர் போன்ற உயரமான ஹாட்ச்பேக்கோ, பின் ஆசனங்களை மடித்து இடத்தை விஸ்தரிக்கத்தக்க எர்டிகா போன்ற வண்டியோ சௌகரியமானது. பின்கதவைத் திறந்து, தரையிலிருந்து விளிம்பு எவ்வளவு உயரம் என்பதை அளந்து பார்த்தல் நலம். ஏனெனில் 30 கிலோ லாப்ரடார் இளமையில் ஒரே தாவலில் ஏறிவிடினும், முதுமையில் இடுப்பு மூட்டு தேய்ந்தபின் அதைத் தூக்கி ஏற்றும் பாரம் நம் முதுகையே சாரும்.

வியர்வையால் நாயின் தேக உஷ்ணம் தணிவது சொற்பம். நாக்கை நீட்டி இரைப்பதே அதன் பிரதான உபாயமாதலால், பின்வரிசைக்குத் தனி ஏசி துவாரம் உள்ள வண்டியே நமது சித்திரை வெயிலுக்கு உகந்தது. ஆயினும், எவ்வளவு உயர்ந்த வண்டியாயினும், எஞ்சினை நிறுத்திக் கண்ணாடியைச் சற்றே இறக்கிவிட்டு, வெயிலில் நாயை உள்ளே விட்டுச் செல்வது பிராணாபாயம்.

ஆசனத்தின் துணி உறையில் ரோமம் குத்தி நிற்கும். ரெக்ஸின் உறையோ ஈரத்துணியால் துடைத்த மாத்திரத்தில் சுத்தமாகும். ஏர்பேக் உள்ள முன் ஆசனத்தைத் தவிர்த்து, கழுத்துப்பட்டையில் அன்றி மார்புப்பட்டையில் இணைத்த வாரைப் பின் சீட் பெல்ட் பூட்டில் மாட்டுவதே க்ஷேமம்.

இயலுமாயின், முன்பணம் கட்டுமுன் விற்பனையாளரின் அனுமதியோடு நாயையும் ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது உத்தமம்.