ஏசி கோப்ரா பிரதி கார்: கிட் தேர்ந்தெடுத்தல்

பழைய புகழ்பெற்ற விளையாட்டுக் கார் ஒன்றின் தோற்றத்தை அப்படியே கொண்ட புதிய காரை, ஒரு நிறுவனம் விற்கும் பாகங்களின் தொகுப்பிலிருந்து வாங்குபவரே தம் வீட்டுக் கொட்டகையில் கட்டி முடிப்பது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெடுநாளாக இருந்துவரும் பொழுதுபோக்கு. இத்தொகுப்பைக் ‘கிட்’ என்றும், கட்டி முடித்ததைக் ‘கிட் கார்’ என்றும் அழைப்பர். உலகில் அதிகமாகப் பிரதி எடுக்கப்பட்ட கார்களில் முன்னணியில் நிற்பது ஏசி கோப்ரா.

மூலக் கார்

இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டன் என்னும் ஊரில் இயங்கிய ஏசி கார்ஸ் நிறுவனம் 1953-இல் ‘ஏஸ்’ என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரை அறிமுகப்படுத்தியது. அதற்கு பிரிஸ்டல் நிறுவனம் 2 லிட்டர் எஞ்சின் அளித்துவந்தது. 1961-இல் அந்த எஞ்சினின் உற்பத்தி நிற்கும் நிலை வந்தபோது, அமெரிக்க ஓட்டப்பந்தய வீரர் கரோல் ஷெல்பி ஏசி நிறுவனத்தை அணுகி, அந்த உடலில் அமெரிக்க வி8 எஞ்சினைப் பொருத்தும் யோசனையை முன்வைத்தார். 1959-இல் லே மான்ஸ் பந்தயத்தில் வென்ற ஷெல்பி, இதயக் கோளாறு காரணமாகப் பந்தயத்தைக் கைவிட்டிருந்தார். எஞ்சினை ஃபோர்டு நிறுவனம் கொடுத்தது. முதல் கார் 1962-இல் உருவானது. முதலில் 260 கன அங்குலம், பின் 289, இறுதியாக 1965-இல் 427 கன அங்குலம், அதாவது 7 லிட்டர் என எஞ்சின் வளர்ந்துகொண்டே போனது. அதற்கேற்பச் சக்கர வளைவுகளும் புடைத்தன.

1967 வரை கட்டப்பட்டவை ஏறத்தாழ ஆயிரம் கார்கள் மட்டுமே. அவற்றில் முதலாவது கார் 2016-இல் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. மூலத்தை வாங்க முடியாதவர்களுக்குப் பிரதியே வழி. அக்காரின் அமைப்பும் அதற்கு இடம் கொடுத்தது. இரண்டு தடித்த குழாய்களால் ஆன ஏணிபோன்ற அடிச்சட்டம், அதன்மேல் கூரையில்லாத ஓர் உடல், எளிதில் கிடைக்கும் ஃபோர்டு எஞ்சின். ஓரளவு பட்டறை அறிவுள்ளவர் புரிந்துகொள்ளக்கூடிய கார் அது.

எதைப் பிரதி எடுப்பது

கோப்ரா என்றதும் பலர் மனத்தில் தோன்றுவது 427-இன் அகன்ற உருவமே. பெரும்பாலான கிட்களும் அதையே பின்பற்றுகின்றன. ஒல்லியான 289 உருவத்துக்கும் கிட்கள் உண்டு. சாலையில் ஓட்ட அதுவே நயமானது என்று சொல்வோரும் உள்ளனர். உருவத்தைவிட முக்கியமான கேள்வி, வாங்குபவருக்கு வேண்டியது அசலுக்கு எவ்வளவு நெருங்கிய பிரதி என்பது. ஒரு முனையில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த கிர்க்ஹாம் நிறுவனம் மூலத்தைப் போலவே அலுமினியத் தகட்டில் உடல் செய்து தருகிறது. மறுமுனையில், வெளித்தோற்றம் மட்டும் கோப்ராவாகவும் உள்ளே முற்றிலும் நவீன அமைப்பாகவும் உள்ள கிட்கள் இருக்கின்றன. இரண்டாம் வகை மட்டமானது என்று எண்ண வேண்டியதில்லை. பிரேக்கிலும் வளைவுகளில் நிலைத்து நிற்பதிலும் அது பல நேரங்களில் அசலை மிஞ்சும்.

தானக் கார் என்னும் கணக்கு

செலவை அதிகம் தீர்மானிப்பது, கிட்டில் எதெல்லாம் இல்லை என்பதுதான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1995-இல் தொடங்கப்பட்ட ஃபேக்டரி ஃபைவ் ரேசிங் நிறுவனம் விலையைக் குறைக்க ஒரு வழி கண்டது. சட்டம், உடல், உள்தகடுகள் ஆகியவற்றை நிறுவனம் தரும். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு, பிரேக், ஸ்டீயரிங் போன்றவற்றை வாங்குபவர் ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங் காரிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டும். இப்படிப் பாகங்களை ஈந்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போகும் காரைத் தானக் கார் எனலாம். பிரிட்டனில் அந்த இடத்தை நெடுங்காலம் வகித்தது ஜாகுவார் எக்ஸ்ஜே. அதன் தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷன் அப்படியே கோப்ராப் பிரதிகளுக்குள் புகுந்தது. எஞ்சினுக்கு எடை குறைந்த அலுமினிய ரோவர் வி8 கைகொடுத்தது.

தானக் கார் மலிவாகத் தோன்றும். ஆனால் முப்பது ஆண்டு ஓடிய பாகத்தை அப்படியே புதிய காரில் மாட்ட யாருக்கும் மனம் வராது. துருவைச் சுரண்டி, புஷ்களை மாற்றி, பிரேக் காலிப்பரைப் பிரித்துச் சீராக்கி, கடைசியில் கூட்டிப் பார்த்தால் புதிய பாகங்களின் விலையை நெருங்கியிருக்கும். கையில் நேரமும் கருவிகளும் உள்ளவருக்கே அது லாபம். மற்றவருக்கு எல்லாப் பாகங்களும் புதிதாக வரும் முழுக் கிட் பொருந்தும். இன்னொரு வழி, தென்னாப்பிரிக்காவில் கட்டப்படும் சூப்பர்ஃபார்மன்ஸ் கார்களைப் போன்றவை. வண்ணம் பூசி, வயரிங் முடித்து, சக்கரங்களில் உருண்டு வரும். எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் வாங்குபவர் பொறுப்பு. கட்டும் இன்பம் குறையும், ஓட்டும் நாள் விரைவில் வரும்.

எஞ்சினைத் தேர்ந்த பிறகே கிட்டை வாங்குவது நல்லது. எஞ்சின் தாங்கிகள், புகைக்குழாய், கியர்பாக்ஸின் நீளம் எல்லாம் அதைப் பொறுத்தவை. 302 கன அங்குல எஞ்சினுக்கு அமைந்த மஸ்டாங்கின் ஐந்து வேக கியர்பாக்ஸை 427-உடன் இணைத்தால் பற்கள் நீடிக்காது. சுமார் 1,100 கிலோ எடையுள்ள சிறிய காருக்கு 302-ஏ தாராளம். செவ்ரோலே எஞ்சின் மாட்டுவோரும் உண்டு. ஓடுவதில் குறையில்லை, ஆனால் கோப்ரா அன்பர்களிடையே அந்தக் காரின் பானெட்டைத் திறப்பவர் சில முணுமுணுப்புகளைக் கேட்க வேண்டியிருக்கும்.

நேரில் பார்க்க வேண்டியவை

படத்தில் எல்லாக் கிட்களும் ஒன்றுபோல இருக்கும். வேறுபாடு சட்டத்திலும் உடலின் வார்ப்பிலும்தான். சட்டத்தின் வெல்டிங் சீராக ஓடியிருக்கிறதா, குழாய்கள் முறுக்கத்தைத் தாங்கும்படி குறுக்குத் தண்டுகளால் பிணைக்கப்பட்டுள்ளனவா என்று கவனிக்க வேண்டும். சட்டம் முறுக்கினால் சஸ்பென்ஷன் எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. கதவுகளும் நேராக மூடாது. கண்ணாடியிழை உடலை ஒளிக்கு எதிரே சாய்வாகப் பார்த்தால் அலைகள் தெரியும். அவை ஒவ்வொன்றும் பின்னால் பட்டி பார்த்துத் தேய்க்கும் மணிநேரங்களாக மாறும். முதன்முறை கட்டுபவர்கள் குறைவாக மதிப்பிடுவது இந்த உடல் வேலையையும் பெயிண்டையுமே. தொழில்முறைப் பட்டறையில் கொடுத்தால் பட்ஜெட்டின் கணிசமான பகுதியை அது விழுங்கிவிடும்.

உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இரு அச்சுகளுக்கு இடையே 90 அங்குலமே உள்ள கார் இது. அகன்ற எஞ்சின் கால் வைக்கும் இடத்தை ஒரு பக்கமாகத் தள்ளுவதால் பெடல்கள் நெருக்கமாகவும் சற்றுக் கோணலாகவும் இருக்கும். உயரமானவருக்கு முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். பக்கவாட்டில் ஓடும் புகைக்குழாய் சூடேறியிருக்கும்போது இறங்கினால் கெண்டைக்காலைச் சுட்டுவிடும். அந்தத் தழும்பைக் கோப்ரா ஓட்டுநர்கள் பாம்புக்கடி என்று வேடிக்கையாகச் சொல்வர்.

பதிவும் சட்டமும்

கட்டிய காரைச் சாலையில் ஓட்ட அரசின் அனுமதி வேண்டும். பிரிட்டனில் ஐவிஏ என்னும் தனிவாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். பிரேக், விளக்கு, புகை ஆகியவற்றோடு, வெளிப்புற விளிம்புகள் கூராக இல்லாமல் உருண்டிருக்கின்றனவா என்றுகூட அளந்து பார்ப்பர். பழைய பாகங்கள் கலந்து, காரின் வயதை உறுதிசெய்ய முடியாவிட்டால் ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் பதிவெண் கிடைக்கும். அது மறுவிற்பனை விலையைக் குறைக்கலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் ஆண்டுக்கு 500 கார்களுக்கு மட்டும், அவை ஒத்திருக்கும் பழைய காரின் ஆண்டை வைத்துப் புகைவிதியைக் கணக்கிடும் சலுகை உண்டு. முந்தி விண்ணப்பிப்பவருக்கே இடம். ஆகவே ஊரின் விதியைப் படித்துவிட்டு எஞ்சினைத் தேர்வதே முறை.

முடியாமல் நிற்கும் கார்கள்

பழைய கிட்கள் விற்கும் இடங்களில் பாதி கட்டிய கோப்ராக்கள் எப்போதும் கிடைக்கும். ஆர்வம் தளர்ந்தோ, வேலை மாறியோ, பணம் தீர்ந்தோ உரிமையாளர் கைவிட்டவை அவை. வாரக் கடைசிகளில் மட்டும் உழைப்பவருக்கு ஒரு கார் ஆண்டுக்கணக்கில் இழுப்பது இயல்பு. அப்படி நின்றுபோன காரை வாங்குவது சில சமயம் நல்ல பேரமாக அமையும். அதற்கு முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: கிட் வாங்கிய அசல் ரசீது, சட்டத்தின் எண், இல்லாத பாகங்களின் பட்டியல். ரசீது இல்லையென்றால் பதிவின்போது சிக்கல் வரும். கிட் நிறுவனமே மூடப்பட்டிருந்தால் விடுபட்ட கீலையும் கண்ணாடிச் சட்டத்தையும் தேடி அலைய நேரும். முந்தியவர் வயரிங்கைத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தால், அதைப் பிரித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே பெரும்பாலும் விரைவானது.