உங்களுக்குத் தெரியுமா? உயிர் திரும்பிய மண்

★ காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்துவிடுவார்கள். ‘நெல் தரிசுப் பயறு’ என்று பெயர். தனியாக உழவு கிடையாது. வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே விளைந்துவிடும். வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும். பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினின் உறவுப் புரதம்தான் அந்த நிறத்துக்குக் காரணம்!

★ சார்லஸ் டார்வினின் கடைசிப் புத்தகம் மண்புழுவைப் பற்றியது, 1881-ல் வந்தது. 1842-ல் ஒரு வயலில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டு பொறுத்திருந்து தோண்டினார். அவை 7 அங்குல ஆழத்தில் கிடந்தன. மேலே மூடியிருந்தது மண்புழுக்கள் கொண்டுவந்து சேர்த்த மண்.

★ ‘மீளுருவாக்க வேளாண்மை’ என்ற கருத்தை 1980-களில் பரப்பியவர் அமெரிக்காவின் ராபர்ட் ரோடேல். மண் கெடாமல் இருந்தால் மட்டும் போதாது, பயிர் செய்யச் செய்ய வளம் கூட வேண்டும் என்றார்.

★ பர்கினா ஃபாசோவின் வடபகுதியில் 1980-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி. பலரும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். யாக்கூபா சவடோகோ கிளம்பவில்லை. பாறைபோல இறுகிய நிலத்தில், மழைக்கு முன்பே குழி வெட்டத் தொடங்கினார். ‘ஸாய்’ என்ற அந்தக் குழி முறை அவர்களுடைய பாட்டன் காலத்தது. இவர் குழியை இன்னும் அகலமாக, ஆழமாக வெட்டி, எருவும் குப்பையும் போட்டார். அதைத் தின்னக் கறையான் வந்தது. அது குடைந்த துளைகள் வழியே மழைநீர் அடியில் இறங்கியது. கறையானைக் கண்டாலே மருந்தைத் தேடும் நாம் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கம்பும் சோளமும் விளைந்தன. எருவோடு வந்த மர விதைகளும் முளைத்தன. களையென்று பிடுங்காமல் அவற்றைக் காப்பாற்றினார். அவரைப் பைத்தியம் என்று சொன்ன ஊருக்குப் பக்கத்திலேயே ஏறத்தாழ 40 ஹெக்டேர் காடு எழுந்தது. 2018-ல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது பெற்றார். 2023-ல் காலமானார்.

★ 2018-ல் அதே விருதைப் பெற்றவர்களில் ஆஸ்திரேலியாவின் டோனி ரினாடோவும் ஒருவர். நைஜரில் அவர் நட்ட கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. ஒருநாள், வெறும் புதர் என்று நினைத்தது வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் வந்த துளிர் என்று கண்டுகொண்டார். விவசாயிகள் நல்ல துளிர்களை விட்டு மற்றவற்றைக் கழித்தார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின, நடாமலேயே!

★ கென்யாவில் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற செடியை விதைக்கிறார்கள். அதன் வாசம் தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சிக்கு ஆகாது. வயலைச் சுற்றி நேப்பியர் புல். பூச்சி அங்கே போய்விடும். வேரை உறிஞ்சும் சுடுமல்லிக் களையையும் டெஸ்மோடியம் அடக்கிவிடுகிறது, தழைச்சத்தும் சேர்க்கிறது. டெஸ்மோடியம், நேப்பியர் இரண்டுமே மாட்டுக்குத் தீவனம். சாணம் திரும்ப வயலுக்கு.

★ கோடை வந்தால் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு டெல்டாவுக்கு வருவார்கள். பகலில் தரிசில் மேய்ச்சல், இரவில் யாராவது ஒருவர் வயலில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே உரம். ஏற்றுகூலி, இறக்குகூலி இல்லை. நிலத்துக்காரர் கிடைக்கூலி கொடுப்பார். உர மூட்டைக்கு மானியம் தரும் நாட்டில், வெயிலில் நடந்தே உரம் கொண்டுவரும் கீதாரிக்கும் அந்தக் கணக்கில் ஓர் இடம் வேண்டும்.