முன்னொட்டு சொல்லும் சேதி

ஹைப்பர்கிளைசீமியா, ஹைப்போகிளைசீமியா. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும் இவை நேர் எதிரான நிலைகள். கிரேக்கத்தில் 'ஹைப்பர்' என்றால் மேலே. 'ஹைப்போ' என்றால் கீழே. முதலாவதில் ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கிறது, மற்றதில் இறங்கியிருக்கிறது.

இந்த இரண்டு முன்னொட்டுகளைப் பிடித்துக்கொண்டால் உயர் ரத்த அழுத்தம் ஏன் ஹைப்பர்டென்ஷன், தோலுக்கு அடியில் மருந்தேற்றும் ஊசி ஏன் ஹைப்போடெர்மிக் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

ஆனால் முன்னொட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. பெட்ரோல் டேங்கர் லாரியில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'இன்கரெக்ட்' என்பதில் போல இங்கும் 'இன்' மறுப்பைக் குறிக்கிறது என்று எண்ணி, 'தீப்பிடிக்காது' என்று பொருள்கொண்டால் ஆபத்து! எளிதில் தீப்பற்றும் என்பதே எச்சரிக்கை. சொல் நிற்கும் இடத்தைப் பார்த்தாலே, பெட்ரோல் வண்டிக்கு வேறென்ன எச்சரிக்கை இருக்க முடியும் என்று புரியும். அகராதியைப் புரட்டினால், இது 'உள்ளே' என்று பொருள்படும் வேறொரு லத்தீன் 'இன்' என்பதும் தெரியவரும்.