வெயிட் குறையலை... அதனால என்ன?

"மூணு வாரமா வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, சப்பாத்தி கிடையாது. தயிர் சாதத்தைக் கண்ணால பார்த்தே எத்தனை நாளாச்சு! ஆனா மெஷின்ல ஏறி நின்னா அதே 72 கிலோதான். எதுக்குங்க இந்தத் தவம்?"

டாக்டர் சொல்லி 'எலிமினேஷன் டயட்' ஆரம்பித்த பலர் மூன்றாவது வாரத்தில் பாடுகிற பாட்டு இது. நாலாவது வாரத்தில், "சரி, இன்னிக்கு ஒரு நாள்தானே..." என்று ஒரு பரோட்டா. மறுநாள் ஒரு வெங்காய ஊத்தப்பம். அத்தோடு டயட் அம்பேல்!

இதில் வருத்தம் என்னவென்றால், அவர்கள் விட்டுவிட்டுப் போகிற இடம், விடை கிடைக்கப் போகிற இடம். கிணறு தோண்டி ஈர மண் தெரிகிற நேரத்தில் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிற மாதிரி!

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். எலிமினேஷன் டயட் இளைப்பதற்காக ஏற்பட்டதே இல்லை. அது ஒரு துப்பறியும் வேலை. சந்தேகத்துக்குரிய உணவுகளைச் சில வாரங்கள் மொத்தமாக நிறுத்த வேண்டும். வயிறு அமைதியான பிறகு ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, "நீயா? இல்லை, நீயா?" என்று விசாரிக்க வேண்டும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆல்பர்ட் ரோ என்ற அலர்ஜி டாக்டர் 1926-லேயே இந்த யோசனையைச் சொல்லி, 1941-ல் இதற்கென்று புத்தகமும் எழுதினார். அவர் தேடியது அலர்ஜிக்கான காரணத்தை.

இப்போது இந்த முறை அதிகம் பேசப்படுவது ஐ.பி.எஸ். என்கிற குடல் தொல்லைக்காக. எந்த டெஸ்ட் எடுத்தாலும் 'நார்மல்' என்று வரும். ஆனால் வயிறு உப்புசம், பிசைகிற வலி, சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல் என்று ஆட்டிப் படைக்கும். இதற்காக ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் இருவரும் ஒரு உணவு முறையை உருவாக்கி 2005-ல் வெளியிட்டார்கள். 'லோ ஃபாட்மேப்' என்று அதற்குப் பெயர். சில வகை மாவு, சர்க்கரைச் சத்துகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயுவைக் கிளப்பும். எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான். ஐ.பி.எஸ். காரர்களின் குடல் நரம்புகள் கொஞ்சம் தொட்டாற்சுருங்கி என்பதால் அவர்களுக்கு அது வலியாகவும் உப்புசமாகவும் தெரிகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ராஜ்மா, கொண்டைக்கடலை, முந்திரி, காலிஃபிளவர், ஆப்பிள், மாம்பழம்... நம் வீட்டு மளிகை லிஸ்ட்டில் பாதி இதில் அடங்கிவிடும்.

சரி, இத்தனையும் நிறுத்திய பிறகும் ஏன் எடை குறையவில்லை?

கணக்கு ரொம்பச் சுலபம். சப்பாத்தியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் சாதம் வைத்துக் கொண்டீர்கள். 100 கிராம் கோதுமையிலும் 340, 350 கலோரி வாக்கில்தான் இருக்கிறது. 100 கிராம் அரிசியிலும் அவ்வளவுதான். ஆளை மாற்றினீர்களே தவிர, சம்பளத்தைக் குறைக்கவில்லை! வெங்காயத்திலும் பூண்டிலும் எடையைக் கூட்டுகிற அளவுக்குக் கலோரியும் கிடையாது, நிறுத்தினால் இளைப்பதற்கு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உப்புசம் குறைந்து, இடுப்பில் புடவை தளர்வாக நிற்கும். பேன்ட் கொக்கி சிரமமில்லாமல் மாட்டும். மெஷின் மட்டும் அசையாது. குறைந்தது காற்றுதானே... காற்றுக்கு ஏது எடை? உங்கள் வயிறு நன்றாகத் தெரிந்து சொல்லும் நல்ல செய்தி, அந்த மெஷினுக்குத் தெரியவே தெரியாது.

தவிர, ஒரே ஆளின் எடை ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறி இறங்குவது சர்வ சாதாரணம். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டிருந்தால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும் அப்படித்தான். ஒரு காலத்தில் ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டால் எடையும் பின்பக்கத்தில் அதிர்ஷ்டமும் அச்சடித்த அட்டை வரும், ஞாபகமிருக்கிறதா? தினமும் காலையில் பார்க்கிற எடைக்கும் கிட்டத்தட்ட அந்த ஜோசியத்துக்கு உள்ள மரியாதைதான்! டயட் முடியும்வரை மெஷினைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

பத்தியம் நமக்குப் புதுசா?

'எலிமினேஷன் டயட்' என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று மலைக்க வேண்டாம். சித்த வைத்தியர் சூரணம் கொடுத்தால் கூடவே பத்தியமும் சொல்வார். மருந்து முடிந்த பிறகு மறுபத்தியம் என்று ஒன்று உண்டு. பத்தியம் இருந்தவர்களைப் பார்த்து நம் பாட்டிகள் யாராவது, "எத்தனை கிலோ இளைச்சே?" என்று கேட்டிருக்கிறார்களா? "வலி விட்டுதா? பசி எடுக்குதா? தூக்கம் வருதா?" என்றுதான் கேட்பார்கள். இந்த டயட்டுக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் அவையே. 'டயட்' என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்கு இளைப்புதான் ஞாபகம் வருகிறது. குழப்பமெல்லாம் அந்த வார்த்தையால் வருவது.

கல்யாண வீட்டில் அத்தையோ சித்தியோ, "டயட்டுன்னு சொன்னாங்க... ஒண்ணும் இளைக்கலியே?" என்று கேட்பது நிச்சயம். மனசு உடைகிற இடமும் இதுதான். அங்கே ஃபாட்மேப் பாடம் நடத்த வேண்டாம். "வயித்துக்காகப் பத்தியம் இருக்கேன் அத்தை" என்று ஒரு வரி போதும். அதற்குமேல் யாரும் இலையில் வெங்காய பஜ்ஜி வைத்து வற்புறுத்த மாட்டார்கள். 'டயட்' என்றால் கிண்டல் செய்கிறவர்கள்கூட 'பத்தியம்' என்றால் மரியாதை கொடுப்பார்கள்!

நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

உற்சாகம் குறையாமல் இருக்க வேண்டுமானால், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எடை தெரியாத இடத்தில் வேறு எதையாவது அளந்தாக வேண்டும் இல்லையா? ஒரு 80 பக்க நோட்டு போதும். டயட் ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பே எழுதத் தொடங்குங்கள். இது ரொம்ப முக்கியம். பழைய நிலவரம் எழுத்தில் இல்லாவிட்டால், நாலு வாரம் கழித்து "முன்னேயும் இப்படித்தானே இருந்தது" என்று மனசு ஏமாற்றும்.

உங்களை அதிகம் படுத்துகிற மூன்று தொல்லைகளை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மார்க். தொல்லையே இல்லையென்றால் 0, தாங்க முடியவில்லை என்றால் 10. "வயிறு சரியில்லை" என்று பொதுவாக எழுதாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாவாடை நாடாவைத் தளர்த்த வேண்டியிருந்ததா? ஆபீஸ் கிளம்பும் முன் எத்தனை தடவை பாத்ரூம் ஓடினீர்கள்? இரண்டு மணி நேர பஸ் பயணத்தைப் பயமில்லாமல் போய் வர முடிந்ததா? இப்படிக் குறிப்பாக எழுதுங்கள். 8, 7, 8 என்று இருந்தது 5, 4, 4 என்று இறங்கி வருவதைப் பார்க்கும்போது வருகிற தெம்பு, ரெண்டு கிலோ குறைந்தாலும் வராது.

நோட்டின் முதல் பக்கத்தில் முடிவுத் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். நிறுத்தி வைக்கும் கட்டம் இரண்டிலிருந்து ஆறு வாரம்தான். முடிவே தெரியாத விரதத்தை யாராலும் இருக்க முடியாது. தேதி தெரிந்தால் முடியும். தீபாவளி, பொங்கல், வீட்டுக் கல்யாணம் குறுக்கிடாத மாதமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். நடுவில் ஒருநாள் தவறிப்போனால் தலையில் இடி விழுந்துவிடாது. என்ன சாப்பிட்டீர்கள், அன்றும் மறுநாளும் வயிறு எப்படி இருந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். அதுவும் ஒரு தடயம்தான்!

சமையலறையில்...

வெங்காயம், பூண்டு இல்லாத சமையல் நம் ஊருக்குப் புதிதில்லை. அமாவாசைச் சமையல் தெரிந்த மாமியாரோ பக்கத்து வீட்டு மாமியோ இருந்தால் இந்த ஆறு வாரமும் அவர்தான் உங்கள் குரு. அரிசி, கேரட், உருளைக்கிழங்கு, வெள்ளரி, முட்டை, மீன், கோழி, ஆரஞ்சு எல்லாம் தாராளமாக உண்டு. மிளகு, சீரகம், இஞ்சி, மஞ்சளுக்கும் தடை இல்லை. இட்லி, தோசை, பருப்பு விஷயத்தில் அளவுதான் கணக்கு. எவ்வளவு என்பதை டயட்டீஷியனிடம் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

ஒரு சூட்சுமம். வெங்காயத்திலும் பூண்டிலும் தொல்லை தருகிற சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் சாம்பாரில் வெங்காயத்தைப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, சாப்பிடும்போது ஓரமாக ஒதுக்கினால் பிரயோஜனமில்லை. அது ஏற்கெனவே சாம்பாரில் இறங்கிவிட்டது. ஆனால் பூண்டை முழுசாக எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கலாம். வாசனைக்கு வாசனை, வயிற்றுக்கும் சமர்த்து. வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியும் சேர்க்கலாம். ரெடிமேட் மசாலா, சூப் பாக்கெட், சிப்ஸ் இவற்றில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் ஒளிந்திருக்கும். கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். ஒரு சிட்டிகை ஐ.பி.எஸ். காரரைப் பெரிதாகப் பாதிக்காது. கோதுமையை அறவே விடச் சொல்லியிருந்தால் மட்டும் லேபிளைப் பாருங்கள். 'சுகர் ஃப்ரீ' மிட்டாய், சூயிங் கம்மில் இருக்கும் சார்பிட்டால் என்பதும் வயிற்றை ஊதச் செய்கிற ஆசாமிதான்.

இனிமேல்தான் விசேஷம்!

பலருக்குத் தெரியாதது, தெரிந்தாலும் பயந்து தவிர்ப்பது, அடுத்த கட்டம். நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. ஆறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததே இதற்காகத்தான். "வயிறு நல்லாத்தானே இருக்கு, இப்படியே இருந்துட்டா என்ன?" என்று சிலர் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். எப்படியாவது இளைத்துவிட மாட்டோமா என்ற நப்பாசையும் உள்ளே இருக்கும். வேண்டாம். நார்ச்சத்தும் கால்சியமும் குறையும். குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் பட்டினி.

முதலில் உங்களுக்கு எது இல்லாமல் வாழ்க்கையே வெறுக்கிறதோ, அதில் ஆரம்பியுங்கள். அது பால் என்று வைத்துக் கொள்வோம். முதல் நாள் கால் டம்ளர். தொல்லை இல்லையென்றால் மறுநாள் அரை டம்ளர். மூன்றாம் நாள் முழு டம்ளர். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்த உணவு. இந்தச் சமயத்தில் மற்ற பத்தியம் அப்படியே தொடர வேண்டும். இல்லாவிட்டால் யார் குற்றவாளி என்றே தெரியாது. வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றையும் தனித்தனியாக விசாரியுங்கள். பெரும்பாலும் எல்லாமே ஆகாது என்று வராது. அரை டம்ளர் பால்வரை சரி, வெங்காயம் தாளிப்பில் இருந்தால் சரி, ஊத்தப்பத்தில் ஆகாது என்கிற மாதிரி உங்களுக்கே உங்களுக்கான ஒரு அளவு கிடைக்கும்.

நான்கு முதல் ஆறு வாரம் ஒழுங்காக இருந்தும் நோட்டில் மார்க் இறங்கவேயில்லையா? டயட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இந்த முறையில் நாலில் மூன்று பேருக்குப் பலன் கிடைக்கிறது என்கிறது மோனாஷ். அந்த நாலாவது ஆளாக நீங்கள் இருக்கலாம். அதுவும் ஒரு விடைதான். வெங்காயம் நிரபராதி என்று தெரிந்துவிட்டதே!

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

எடையைப் பற்றி இங்கே தலைகீழான ஒரு விஷயம். வயிற்றுத் தொல்லை இருக்கிறவருக்கு முயற்சி செய்யாமலே எடை இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது. மலத்தில் ரத்தம், ரத்த சோகை, தூக்கத்தைக் கெடுத்து எழுப்புகிற பேதி இருந்தாலும் அப்படித்தான். டயட்டெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர்.

கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே 'சீலியாக்' நோய்க்கான ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள், சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுகிற மனநிலையில் இருப்பவர்கள் யாரும் தாங்களாக இதில் இறங்கக் கூடாது. ஏதாவது சாப்பிட்டு உதடு, தொண்டை வீங்கி மூச்சுத் திணறல் வந்தவர்கள், அந்த உணவை வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. அதை ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.

"எல்லாம் சரி, எனக்கு நிஜமாவே பத்து கிலோ குறைக்கணுமே?" என்கிறீர்களா? தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் ஆரம்பிக்காதீர்கள். சாப்பாட்டு அளவையும் குறைத்து, உணவையும் விலக்கினால், வயிறு சரியானது வெங்காயத்தை விட்டதாலா, கம்மியாகச் சாப்பிட்டதாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் விசாரணை முடியட்டும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற உணவுகள் எவை என்ற லிஸ்ட் கையில் வந்ததும், அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு டயட்டீஷியனிடம் போங்கள். பரணில் இருக்கிற மெஷினை அப்போது இறக்கினால் போதும்.