பில் போடும் நேரத்தில் ஆறாயிரம் ரூபாய்க் கேள்வி

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலையில் லேப்டாப் கடைகளில் நிற்க இடமிருக்காது. மாடல் பார்த்து, விலை பேசி, இஎம்ஐக்குக் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு விற்பனையாளர் கேட்பார்: "சார், கம்பெனி வாரண்டி ஒரு வருஷம்தான். இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்துப் போட்டுடவா? இப்ப விட்டா அப்புறம் போட முடியாது." அதுவரை ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசிய அப்பா, ஆறாயிரம் ரூபாய்க்கு அரை நிமிடத்தில் தலையாட்டிவிடுவார். நடுவில் மெஷின் போய்விட்டால் பிள்ளையின் படிப்பு என்னாவது என்ற பயம்தான் காரணம். நியாயமான பயம். ஆனால் அவர் பயப்படுகிற விஷயத்துக்கும் அந்த ஆறாயிரத்துக்கும் எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்று பில் போடுவதற்கு முன் யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது முதல் வருட வாரண்டியின் நீட்டிப்பு. முதல் வருடத்தில் எதற்கெல்லாம் பொறுப்பு இல்லையோ, மூன்றாம் வருடத்திலும் அதற்கெல்லாம் இல்லை. தானாகப் பழுதானால் சரிசெய்து தருவார்கள். ஹாஸ்டல் கட்டிலிலிருந்து விழுந்தாலோ, டீ கொட்டினாலோ, கீபோர்டு மேல் பேனாவை மறந்துவிட்டு மூடியதில் டிஸ்ப்ளே விரிசல் விட்டாலோ கிடையாது. சர்வீஸ் சென்டரின் வேலைச்சீட்டில் 'ஃபிசிக்கல் டேமேஜ்', 'லிக்விட் டேமேஜ்' என்று எழுதிவிட்டால் அத்தோடு முடிந்தது. மடக்கும் இடத்தில் இருக்கும் ஹிஞ்ச் உடைந்தால் பெரும் வாக்குவாதமே நடக்கும்: வாங்கியவர் 'தயாரிப்புக் கோளாறு' என்பார், சர்வீஸ் சென்டர் 'நீங்கள் அழுத்தித் திறந்தது' என்று சொல்லும். மின்சார ஏற்ற இறக்கத்தால் போர்டு போனாலும் பல நிறுவனங்களின் விதிகள் கைவிரித்துவிடுகின்றன. பேட்டரி இன்னொரு கதை. மூன்று வருடம் பயன்படுத்தினால் கட்டாயம் தேய்ந்துபோகும் பாகம் அதுதான். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு ஒரு வருடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நீட்டிப்பு அதைத் தொடுவதே இல்லை. விழுந்து உடைவதற்கான பாதுகாப்பு 'ஆக்சிடென்டல் டேமேஜ்' என்ற பெயரில் தனித் திட்டமாக, தனி விலையில் விற்கப்படுகிறது. கடையில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால், வாங்குகிறவர் ஒன்றுக்குப் பணம் கட்டி மற்றது கிடைத்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

இனி கணக்கு. இந்த வகைப் பாதுகாப்புத் திட்டங்களை விற்கும் அமெரிக்க நிறுவனமான ஸ்கொயர்டிரேட், தன்னிடம் பதிவான 30,000-க்கும் மேற்பட்ட லேப்டாப்களை வைத்து 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கோளாறாகிறது என்றது. மொத்த லேப்டாப்களில் சுமார் 20 சதவீதத்துக்குத் தானாக வரும் பழுது. சுமார் 10 சதவீதத்துக்கு விழுவது, கொட்டுவது போன்ற விபத்து. பழைய ஆய்வு, அதுவும் விற்பவரே செய்தது. எனவே பழுது குறைவாகச் சொல்லப்பட்டிருக்கும் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 100 பேர் தலைக்கு 6,000 ரூபாய் கட்டினால் 6 லட்சம் சேரும். 20 பேருக்குப் பழுது வந்து, ஒவ்வொருவருக்கும் மதர்போர்டே போய் 20,000 ரூபாய் செலவாகிறது என்று தாராளமாக வைத்தாலும் 4 லட்சம்தான் ஆகிறது. நிஜத்தில் எல்லாருக்கும் மதர்போர்டு போகாது. ஒரு பங்கு பழுது முதல் வருட இலவச வாரண்டியிலேயே வந்துபோயிருக்கும். நிறுவனத்துக்குப் பாகத்தின் அடக்கவிலையும் நம்மிடம் கேட்கும் விலையும் ஒன்றல்ல. மீதிப் பணம் கடைக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. அதனால்தான் லேப்டாப்பில் விலையைக் குறைக்க மறுக்கும் கடை, வாரண்டியில் மட்டும் 'உங்களுக்காகப் பாதி விலை' என்று இறங்கி வருகிறது.

ஆக, சராசரிக் கணக்கில் இது நஷ்டம். வேலையில் இருப்பவர், பழுதானால் 20,000 ரூபாயைச் சிரமப்பட்டாவது புரட்ட முடிகிறவர், இந்த நீட்டிப்பை வாங்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. அந்த ஆறாயிரத்தைத் தனியாக வங்கியில் போட்டு வைக்கட்டும். பேட்டரி மாற்றவோ, விழுந்து உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றவோ அந்தப் பணம் கைகொடுக்கும். வாரண்டி காகிதம் கைவிரிக்கும் இடத்திலும் செல்லுபடியாகும் பணம் அது.

எல்லாக் குடும்பமும் அந்த நிலையில் இல்லை. 55,000 ரூபாய் மெஷினை 18 மாத இஎம்ஐயில் எடுத்திருக்கும் வீட்டுக்கு, இரண்டாம் வருடத்தில் திடீரென்று வரும் 20,000 என்பது கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்க வைக்கும் தொகை. அந்த வீட்டுக்குச் சராசரியைச் சொல்லி ஆறுதல்படுத்த முடியாது. தாங்க முடியாத அடிக்குத்தான் காப்பீடு. அவர்கள் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் வாங்கினால் விபத்துப் பாதுகாப்பும் சேர்ந்த திட்டமாக, லேப்டாப் தயாரித்த நிறுவனத்திடமே வாங்க வேண்டும். கடையின் சொந்தத் திட்டத்தில் பழுதுபார்ப்பவர் வேறு, பாகம் தருபவர் வேறு, பணம் அனுமதிப்பவர் வேறு. தேய்மானம் கழித்துத்தான் தருவார்களா என்பதும் விதிகளில் எங்கோ ஒரு மூலையில்தான் இருக்கும்.

மெஷின் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதும் முடிவை மாற்றும். பழைய தடித்த லேப்டாப்பில் ரேம் போனால் கழற்றி வேறு போடலாம். இப்போதைய மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சிப் போனால் சர்வீஸ் சென்டர் முழு போர்டையும் மாற்றச் சொல்லும். சென்னை ரிச்சி தெருவில் 'சிப் லெவல்' வேலை தெரிந்தவர்கள் அந்த ஒரு சிப்பை மட்டும் மாற்றித் தருவதுண்டு. அந்த வித்தைக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அவர்கள் எல்லா ஊரிலும் இல்லை.

ஊர் என்றதும் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும்: இது 'ஆன்சைட்'டா, 'கேரி-இன்'னா? ஆன்சைட் என்றால் பொறியாளர் வீட்டுக்கு வருவார். கேரி-இன் என்றால் நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ராமநாதபுரத்திலோ தென்காசியிலோ இருக்கும் மாணவருக்கு, அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் மதுரையில்தான் என்றால், கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள், நடுவில் பாகம் வரவில்லை என்று அலைய இன்னொரு நாள். பின்கோடைக் கொடுத்து ஆன்சைட் உண்டா என்று நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம். இன்னொன்று: எந்த வாரண்டியும் உள்ளே இருக்கும் புராஜெக்ட்டுக்கும் புகைப்படங்களுக்கும் பொறுப்பேற்காது. எஸ்எஸ்டி போனால் புது எஸ்எஸ்டி வரும், காலியாக.

'இப்ப விட்டா அப்புறம் முடியாது' என்ற பேச்சுக்கு வருவோம். முன்னணி நிறுவனங்கள் பலவும் முதல் வாரண்டி முடிவதற்குள் நீட்டிப்பைத் தங்கள் இணையதளத்திலேயே விற்கின்றன. ஆப்பிளில் அவகாசம் குறைவு; அதன் பாதுகாப்புத் திட்டமான ஆப்பிள்கேர் பிளஸ் வாங்க 60 நாள். எதுவானாலும் அன்று மாலையே முடிவெடுக்கும் அவசியம் இல்லை. வீட்டுக்குப் போய், அடியில் இருக்கும் சீரியல் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி தொடங்கும் தேதி பில் தேதிக்கு முந்தியதாகக் காட்டினால், பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். கடையில் மாதக்கணக்கில் கிடந்த மெஷின்களில் இது நடக்கிறது. அந்த மாதங்கள் காசில்லாமல் கிடைக்க வேண்டிய நம் மாதங்கள்.

வாரண்டி எடுத்தால்தான் லேப்டாப் தருவோம் என்று ஒரு கடை சொன்னால், அது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கடை எங்கே இருந்தாலும், நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம்.

வழக்கு வரை போகாமலே தடுக்கும் வழியைப் பிரிட்டன் கண்டிருக்கிறது. அங்கே போட்டி ஆணையம் இந்த வாரண்டி விற்பனையை விசாரித்து 2003-ல் அறிக்கை தந்தது. 2005-ல் ஆணை வந்தது. கடையில் சொன்ன வாரண்டி விலையை 30 நாள் மாற்றக் கூடாது. வாங்கியவர் எதையும் கோராத நிலையில் 45 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இங்கே அப்படி ஒரு விதி கிடையாது. 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்காகத் தனித் தளமே தொடங்கிய மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கு இது எட்டாத வேலை அல்ல. வாரண்டி விலை பில்லில் தனி வரியாக வர வேண்டும், எதெல்லாம் சேராது என்பது ஒரே பக்கத்தில் தமிழில் இருக்க வேண்டும், பிடிக்காவிட்டால் பணம் திரும்பி வர வேண்டும். அடுத்த ஜூன் மாதச் சேர்க்கைக்குள் இவை மூன்றும் வந்தாக வேண்டும்.