தேனீக்கு நோய் வந்தால்

1991–92இல் தென்னிந்தியாவில் பரவிய ‘தாய் சாக்புரூட்’ வைரஸ், அங்கிருந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் சுமார் 90 சதவீதத்தை அழித்தது. தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பகுதியிலும் பெட்டிகள் காலியாகின.

இந்த நோய்க்குப் பலியாவது புழுக்கள். கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் பழைய தோல் கழலாமல் நின்றுவிடும். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அறையைத் திறந்து இடுக்கியால் தூக்கினால் புழு நீர் நிறைந்த பையாகவே வரும். விட்டுவைத்தால் பழுப்பேறி, இரு முனையும் தூக்கிய தோணி போலக் காய்ந்துவிடும்.

தேனீயின் உடலில் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் இல்லை. கிருமி நுழைந்தால் ரத்த அணுக்கள் சூழ்ந்துகொள்ளும். மெலனின் என்ற கரிய பொருள் அதை மூடிச் சிறைவைக்கும். பாக்டீரியாவைக் கொல்ல எபிடேசின் போன்ற சிறு புரதங்கள் சுரக்கும். வைரஸின் ஆர்.என்.ஏ.வை டைசர் என்ற நொதி துண்டு துண்டாக வெட்டும். நமக்கு இருப்பது போன்ற ஆன்டிபாடிகள் மட்டும் கிடையாது. 2006இல் தேனீயின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, நோய் எதிர்ப்பு மரபணுக்கள் கொசுவுக்கும் பழ ஈக்கும் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் தென்பட்டன.

அந்தக் குறையில் ஒரு பகுதியையேனும் கூடு ஈடுகட்டுகிறது. வேலைக்காரத் தேனீக்கள் நோயுற்ற புழுவை வாசனையால் கண்டுபிடித்து, மூடியைக் கடித்துத் திறந்து, வெளியே இழுத்துப் போடுகின்றன. பூஞ்சை நோய் தாக்கினால் எல்லாமாகச் சேர்ந்து அடையின் வெப்பத்தைக் கூட்டுகின்றன.

ஆனால் சாக்புரூட் பரவுவதே இந்தச் சுத்தப்படுத்தும் வேலையால்தான். செத்த புழுவின் நீரை உறிஞ்சும் தேனீயின் தலையிலுள்ள உணவுச் சுரப்பிகளில் வைரஸ் சேர்ந்துவிடும். அது ஊட்டும் அடுத்த புழுவுக்கும் தொற்றிவிடும். இதற்கும் ஒரு தடை உண்டு. தொற்றிய தேனீ மகரந்தம் தின்பதைக் குறைத்து, புழு வளர்ப்பதை விட்டுவிட்டு, வயதுக்கு முன்பே வெளிவேலைக்குப் போய்ச் சீக்கிரம் சாகிறது.

இந்த வைரஸைக் கொல்ல மருந்தில்லை. ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடாமல் நிறுத்தினால், வைரஸுக்குப் புதுப் புழு கிடைக்காது. அதற்குள் தேனீக்கள் அறைகளைத் துப்புரவாக்கிவிடும். பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தேனீ வளர்ப்போர் மீண்டும் தலையெடுத்தார்கள். பெட்டி பிரிக்கும்போது தேன் எவ்வளவு தந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. நோய்க் காலத்தைத் தாண்டி வந்த கூட்டமா என்றும் பார்க்க வேண்டும்.