'இன்' செய்யும் குறும்பு!

இங்கிலீஷில் 'இன்' என்றால் 'உள்ளே' என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் 'கரெக்'டின் முன்னால் அது ஒட்டிக்கொண்டால்? 'இன்கரெக்ட்'. அதாவது, சரியல்ல! லத்தீன் பாஷையிலேயே இவை இரண்டும் வெவ்வேறு. உருவம் மட்டும் ஒன்று.

இந்த ஆள்மாறாட்டத்தில் ஆபத்தும் உண்டு, சகோதரிகளே! வார்னிஷ் டப்பாவில் 'இன்ஃப்ளாமபிள்' என்று கண்டால், 'தீப்பற்றாது' என்று எண்ணிவிடாதீர்கள். 'தீ மூட்டு' என்னும் லத்தீன் வினையில் பிறந்த சொல் அது. எளிதில் தீப்பற்றும் என்பதே அர்த்தம். இந்தக் குழப்பம் உயிரையே குடித்துவிடும் என்றஞ்சி, 1920-களில் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தார் 'இன்'னை வெட்டிவிட்டு, 'ஃப்ளாமபிள்' என்றே எழுதச் சொன்னார்கள்.

இன்றும் இரண்டு சொற்களும் உண்டு; இரண்டுக்கும் பொருள் ஒன்றே. எதைக் கண்டாலும், டப்பாவை அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்!